மகள் டயட்டீஷியன் ஆக என்ன படிக்க வேண்டும்? குடியாத்தம் வாசகருக்குப் பதில்

கேள்வி: குடியாத்தத்தில் கைலி நெசவுத் தொழில் செய்கிறேன். என் மகள் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்து, பிளஸ் டூ அறிவியல் பிரிவில் 600-க்கு 431 வாங்கியிருக்கிறாள். டயட்டீஷியன் ஆக வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். ஆறே மாதத்தில் ஆன்லைனில் ‘நியூட்ரிஷன் டிப்ளமா’ தருகிறோம், முடித்ததும் கிளினிக் வைக்கலாம் என்று ஒரு நிறுவனம் 38,000 ரூபாய் கேட்கிறது. கட்டலாமா? இல்லை, கல்லூரியில்தான் சேர்க்க வேண்டுமா? வேலூரிலேயே படிப்பை முடிக்க முடியுமா? சொந்தக்காரர்கள், ‘சத்துணவுக் கூடத்து வேலைக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு?’ என்று கேட்கிறார்கள். அவளுக்கு வேதியியல் என்றால் கொஞ்சம் பயம். விவரமாக எழுதவும்.

பதில்:

ஐயா, பணத்தைக் கட்டாதீர்கள். கட்டியிருந்தால், ரசீதையும் அவர்கள் அனுப்பிய விளம்பரத்தையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, இன்றே எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். ஆறு மாத ஆன்லைன் சான்றிதழை வைத்துக்கொண்டு எந்த நல்ல மருத்துவமனையிலும் டயட்டீஷியனாகச் சேர முடியாது. ஏற்கெனவே உரிய பட்டம் வாங்கியவர்கள் கூடுதலாக ஒன்றைக் கற்றுக்கொள்ள அப்படிப்பட்ட வகுப்புகள் உதவலாம். பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு அது அடித்தளம் ஆகாது.

இதில் சட்டமும் மாறிவிட்டது. 2021-இல் மத்திய அரசு மருத்துவம் சார்ந்த தொழில்களுக்காகத் தேசிய ஆணையச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பிசியோதெரபிஸ்ட், லேப் டெக்னீஷியன் வரிசையில் டயட்டீஷியனும் நியூட்ரிஷனிஸ்டும் அதில் இடம்பெறுகிறார்கள். ‘ஹெல்த்கேர் புரொஃபஷனல்’ என்று எண்ணப்பட, மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணி நேரம் படித்த பட்டம் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். மாநிலந்தோறும் ஒரு கவுன்சில், ஒரு பதிவேடு என்பது அதன் அமைப்பு. டாக்டருக்கும் நர்ஸுக்கும் பதிவு எண் இருப்பதுபோல டயட்டீஷியனுக்கும் இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அதைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழு, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து இந்தச் சட்டத்துக்குள் வரும் படிப்புகளில் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் புதிதாக மாணவர் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. உணவும் ஊட்டச்சத்தும், கிளினிக்கல் நியூட்ரிஷன், டயடெடிக்ஸ் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. முன்பு தபால் வழியில் படித்து நல்ல வேலைக்குப் போனவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அந்தக் கதவு இனி இல்லை. கல்லூரிக்கு நேரில் போய்ப் படிப்பதுதான் வழி.

அப்படியானால் எந்தப் பட்டம்? ஏமாற்றம் பெரும்பாலும் பெயரில்தான் தொடங்குகிறது. ‘ஃபுட்’ என்ற சொல் இருக்கும் எல்லாப் படிப்பும் டயட்டீஷியன் படிப்பு ஆகாது. ஃபுட் டெக்னாலஜி என்பது பிஸ்கட், பால், ஜூஸ் தொழிற்சாலைக்கான படிப்பு. கேட்டரிங் சயின்ஸ் ஓட்டலுக்கு. இரண்டும் நல்ல படிப்புகள்தான், ஆனால் வார்டுக்குள் போக உதவாது. உங்கள் மகள் தேட வேண்டிய பெயர்கள் நான்கைந்து: ‘நியூட்ரிஷன், ஃபுட் சர்வீஸ் மேனேஜ்மென்ட் அண்ட் டயடெடிக்ஸ்’, ‘கிளினிக்கல் நியூட்ரிஷன் அண்ட் டயடெடிக்ஸ்’, ‘ஃபுட்ஸ் அண்ட் நியூட்ரிஷன்’, ‘ஃபுட் சயின்ஸ் அண்ட் நியூட்ரிஷன்’, ‘ஹோம் சயின்ஸ்’ எனப்படும் மனையியல். மனையியல் என்றதும் தையலும் கோலமும் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் ஊட்டச்சத்துப் படிப்பு வளர்ந்ததே மனையியல் துறைகளுக்குள்தான். ஆனால் அந்தத் துறையில் ஊட்டச்சத்துக்கு எத்தனை தாள், ‘டயட் தெரபி’ (நோய்க்கு ஏற்ற உணவுமுறை) என்ற பாடம் எத்தனை பருவம் வருகிறது என்பதைப் பாடத்திட்டத்தில் எண்ணிப் பார்த்துவிட்டுச் சேருங்கள். இரண்டு பருவமாவது செய்முறையோடு இருக்க வேண்டும்.

வேலூரா, வெளியூரா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலூர், காட்பாடி பக்கத்துப் பெண்கள் கல்லூரிகளின் இந்த ஆண்டுச் சேர்க்கைக் கையேட்டை வாங்கி, மேலே சொன்ன பெயர்களில் எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் இணைப்பு பெற்ற கல்லூரிகளின் பட்டியல் அவர்களுடைய இணையதளத்திலேயே கிடைக்கும். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் சரியான பட்டம் கிடைத்தால் இளநிலையை இங்கேயே முடிப்பது புத்திசாலித்தனம். மூன்று ஆண்டு விடுதிச் செலவு மிச்சமாகும், அந்தப் பணம் முதுநிலைக்கு வேண்டியிருக்கும். இங்கே கிடைக்கவில்லை என்றால் சென்னையில் ராணி மேரிக் கல்லூரி அரசுக் கல்லூரி, கட்டணம் குறைவு. எத்திராஜ் கல்லூரியில் கிளினிக்கல் நியூட்ரிஷனுக்குத் தனித் துறையே உண்டு. போரூர் ராமச்சந்திராவில் மருத்துவமனையோடு சேர்ந்த படிப்பு, ஆனால் கட்டணம் அதிகம். கோவையில் அவினாசிலிங்கம் இந்தத் துறையில் பழைய பெயர். அரசுக் கல்லூரிகளுக்குப் பிளஸ் டூ முடிவு வந்ததும் மே மாதத்தில் உயர்கல்வித் துறையின் இணையதளம் திறக்கும். தனியார், உதவிபெறும் கல்லூரிகளுக்குத் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகளுக்கு மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு நடத்தும் கலந்தாய்வு வேறு. அதன் விளக்கக் குறிப்பேட்டில் கிளினிக்கல் நியூட்ரிஷன் இருக்கிறதா என்று பார்த்து அதற்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள். தேதிகள் ஒன்றின்மேல் ஒன்று விழும் என்பதால் மூன்றையும் ஒரே நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எந்தக் கல்லூரியாக இருந்தாலும் சேர்க்கை நாளில் நீங்கள் நேரில் கேட்க வேண்டியவை மூன்று. இந்தப் படிப்பு 2021 சட்டத்தின்படி தேசிய ஆணையம் சொல்லும் பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டதா, மாறுமா? படிக்கும்போது எந்த மருத்துவமனைக்கு எத்தனை நாள் அனுப்புகிறீர்கள்? சென்ற ஆண்டு முடித்தவர்கள் மேற்படிப்புக்கு எங்கே சேர்ந்தார்கள்? மூன்றாவது கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால், வெளியே வந்து அதே துறையின் இறுதியாண்டு மாணவிகளிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

பணம் பற்றி ஒன்று. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். கல்லூரியின் மூலம்தான் விண்ணப்பிக்க வேண்டும், தொலைதூரக் கல்விக்குக் கிடையாது. மூன்று ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 36,000 ரூபாய். உங்களிடம் அந்த நிறுவனம் கேட்கும் தொகையும் கிட்டத்தட்ட அதுதான்.

இளநிலைப் பட்டத்தோடு நின்றுவிடலாமா என்றால், நிற்கக் கூடாது என்பதே எங்கள் கருத்து. வெறும் பி.எஸ்சி.யோடு மருத்துவமனைக்குப் போகிறவர்களைப் பெரும்பாலும் டயட் கிச்சனில் உதவியாளராகப் போடுவார்கள். ட்ரே எண்ணுவதும் லேபிள் ஒட்டுவதும் வேலையாக இருக்கும். பல ஆண்டு அங்கேயே தேங்கிவிடுவதும் உண்டு. இந்திய டயடெடிக் சங்கம் என்று ஒன்று 1963 முதல் இருக்கிறது. அது நடத்தும் தேர்வில் தேறியவர்களுக்குத்தான் ‘ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன்’ என்ற தகுதி. பெயருக்குப் பின்னால் ‘ஆர்.டி.’ என்று போட்டிருப்பார்களே, அதுதான். பெரிய மருத்துவமனைகள் இதைக் கேட்கின்றன. அதை எழுத வழக்கமான பாதை இரண்டு. ஒன்று, பி.எஸ்சி. மூன்றாண்டு, எம்.எஸ்சி. இரண்டாண்டு, பிறகு மருத்துவமனையில் ஆறு மாத இன்டர்ன்ஷிப். மற்றொன்று, பி.எஸ்சி.க்குப் பிறகு டயடெடிக்ஸில் ஓராண்டு முதுநிலை டிப்ளமா, அதன்பின் அதே ஆறு மாதம். முதலாவதற்கு ஐந்தரை ஆண்டு, இரண்டாவதற்கு நாலரை. குடும்பச் சூழ்நிலை இடம் கொடுத்தால் எம்.எஸ்சி.யையே சொல்வோம். கல்லூரியில் பாடம் நடத்தவும், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் மனையியல் தாள் எழுதவும், ஆராய்ச்சிக்குப் போகவும் அது பின்னால் கைகொடுக்கும். ஆர்.டி. தகுதியையும் ஒருமுறை வாங்கி மாட்டிவைத்தால் போதாது. கருத்தரங்குகள், பயிற்சி வகுப்புகளில் சேர்ந்த புள்ளிகளைக் காட்டிக் குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும்.

ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. அங்கே நுழைவுத் தேர்வு வைத்து அப்ளைடு நியூட்ரிஷனில் எம்.எஸ்சி. நடத்துகிறார்கள். அந்த நிறுவனம் 1918-இல் நம் குன்னூரில் பெரிபெரி நோயை ஆராய ஒரே அறையில் தொடங்கியது என்பதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். 1958-இல்தான் ஹைதராபாத்துக்குப் போனது. இப்போதே அவள் கைக்கு வர வேண்டிய இரண்டு நூல்களும் அந்த நிறுவனத்துடையவைதான். ஒன்று 2017-இல் வெளியான இந்திய உணவுகளின் சத்து அட்டவணை. 528 உணவுப் பொருள்களுக்கு, 100 கிராமில் என்னென்ன எவ்வளவு என்று அதில் இருக்கிறது. மற்றொன்று, 2020-இல் வந்த சத்துத் தேவைக் கணக்கு. 55 கிலோ எடையுள்ள, உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,660 கிலோகலோரி, 46 கிராம் புரதம், 29 மில்லிகிராம் இரும்பு என்பதெல்லாம் அதிலிருந்து வருவது. இணையத்தில் சுற்றும் அமெரிக்க அட்டவணையை வைத்துக்கொண்டு கேழ்வரகுக் களிக்குக் கணக்குப் போடுகிறவர்கள் பலர். முதல் தவறு அங்கேயே நடந்துவிடும்.

களி என்றதும் சொந்தக்காரர்களின் கேள்விக்கு வருகிறேன். சத்துணவுக் கூடத்து வேலை ஒன்றும் தாழ்ந்தது இல்லை. 1982-இல் தொடங்கிய அந்தத் திட்டம் எத்தனை பிள்ளைகளைப் பள்ளியில் உட்காரவைத்தது என்பது ஊரறிந்தது. ஆனால் டயட்டீஷியன் செய்வது வேறு. நம் பக்கத்தில் சர்க்கரை நோய் வந்தவுடன் வீட்டில் சொல்வது என்ன? ‘சோத்தை விடு, களி சாப்பிடு.’ கேழ்வரகு மாவு 100 கிராமில் மாவுச்சத்து ஏறக்குறைய 67 கிராம். பச்சரிசியில் 78. வித்தியாசம் பதினோரு கிராம்தான். நோயாளி ஒரு வேளைக்கு 150 கிராம் மாவில் கிண்டிய உருண்டையை விழுங்கினால் மாவுச்சத்து மட்டும் 100 கிராம் உள்ளே போகிறது. நம் ஊர் வழக்கப்படி நொய்யும் சேர்த்துக் கிண்டினால் இன்னும் ஏறும். மெல்லாமல் விழுங்குவதால் வயிறு நிறைந்ததாகத் தெரிவதும் தாமதம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, நார்ச்சத்தும் உண்டு, நல்ல தானியம்தான். ஆனால் உருண்டையின் அளவைப் பாதியாக்கி, கூடவே கீரையும் பருப்பும் எவ்வளவு என்று சொல்லத் தெரிய வேண்டும். ‘களி நல்லது’ என்று சொல்ல யாருக்கும் படிப்பு வேண்டாம். ‘இவ்வளவு களி, இதோடு, இந்த நேரத்தில், உங்கள் மாத்திரைக்கு ஏற்ப’ என்று சொல்லத்தான் படிப்பு.

இன்னொன்றும் பாருங்கள், இது உயிரோடு விளையாடுவது. சிறுநீரகம் பழுதடைந்து, டயாலிசிஸ் இன்னும் தொடங்காத 60 கிலோ எடையுள்ளவருக்குப் புரதத்தைக் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை குறைப்பார்கள். நாளைக்கு 36 முதல் 48 கிராம். அதே ஆள் டயாலிசிஸ் மெஷினில் ஏறத் தொடங்கியதும் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் தேவை, அதாவது 60 முதல் 72 கிராம். இயந்திரத்தில் அமினோ அமிலங்கள் வெளியேறுவதும், உடல் தசையைக் கரைப்பதும் காரணம். பழைய ‘கிட்னி டயட்’ தாளையே வைத்துக்கொண்டு பருப்பும் முட்டையும் தொடாமல் இருந்தால் சில மாதத்தில் கை கால் சூம்பிப் போகும். தண்ணீருக்கு, முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு சுமார் 500 மில்லி என்பது கணக்கு. காயைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துவிட்டுத் தாளித்தால் பொட்டாசியம் குறையும். இளநீரை நிறுத்த வேண்டும். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் விற்பதை உடம்புக்கு நல்லது என்று வாங்கிவருவார்கள். அதில் பாதி பொட்டாசியம் உப்பாக இருக்கலாம், இவர்களுக்கு அது இதயத்தை நிறுத்திவிடும். இத்தனையும் தெரிந்தபின், இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயில் காரக்குழம்பு சாப்பிட்டே பழகிய ஆளுக்கு, வடித்த காயில் எப்படி ருசி வரவழைப்பது என்று அவர் மனைவிக்கும் சொல்லித்தர வேண்டும்.

வேதியியல் பயம் பற்றி எழுதியிருந்தீர்கள். மேலே உள்ள கணக்கில் கூட்டல், பெருக்கல், விகிதம் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் ஏன் என்று புரிய உயிர்வேதியியல் வேண்டும், அதைத் தவிர்க்க வழியில்லை. பள்ளி வேதியியலில் முழுவதையும் மறுபடி படிக்க வேண்டாம். அமிலம்-காரம், கரைசலின் செறிவு, கார்போஹைட்ரேட், புரதம், கொழுப்பு, என்சைம், இவை வரும் பாடங்களை மட்டும் விடுமுறையில் ஆங்கிலப் புத்தகத்தையும் தமிழ்ப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை படித்துவிட்டால் முதல் பருவம் தாண்டிவிடலாம். தமிழ் வழிப் பிள்ளைகள் இந்தப் படிப்பில் தடுமாறுவது அறிவுக் குறைவால் அல்ல. தேர்வு ஆங்கிலத்தில் இருப்பதால். நாளைக்குப் பத்துச் சொல் எழுதிப் பழகினால் மூன்று மாதத்தில் அது சரியாகிவிடும். வார்டில் நோயாளியிடம் தமிழில் பேசும்போது இவளுக்கு இருக்கும் தெளிவு மற்றவர்களுக்கு வராது.

இனி அந்த ஆறு மாத இன்டர்ன்ஷிப். டயட்டீஷியனை உருவாக்குவது வகுப்பறையைவிட வார்டுதான். அந்த வகையில் வேலூர் மாவட்டத்தில் பிறந்தது ஒரு வசதி. சி.எம்.சி. போன்ற மருத்துவமனை வாசலில் இருக்கிறது, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இன்டர்ன்ஷிப் இடங்கள் எங்கும் குறைவு என்பதால், படிப்பு முடிய ஆறேழு மாதம் முன்பே உணவியல் துறைத் தலைவருக்குக் கல்லூரிக் கடிதத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். முடித்த பிறகு போய் நிற்பவர்களுக்கு அடுத்த ஆண்டுதான் இடம் கிடைக்கும். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி. 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை. வார்டுக்குள் விடும் முன் அந்தச் சான்றைக் கேட்பார்கள். கடைசி நேரத்தில் ஓடினால் மூன்றாவது ஊசிக்கு அரை ஆண்டு காத்திருக்க நேரும். இளநிலை முதலாண்டிலேயே போட்டுவிடுங்கள்.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். டயாலிசிஸ் பிரிவு, ஐ.சி.யூ., குழந்தைகள் வார்டு, புற்றுநோய்ப் பிரிவு, சொந்த டயட் கிச்சன் இந்த ஐந்தும் இருக்கின்றனவா, மேற்பார்வை செய்பவர் ஆர்.டி.யா என்று பாருங்கள். 26 வாரத்தை நாங்கள் பிரிப்பதாக இருந்தால் இப்படிப் பிரிப்போம்: கிச்சனிலும் உணவு விநியோகத்திலும் 4 வாரம், பொது மருத்துவமும் சர்க்கரை நோயும் 6, சிறுநீரகம் 4, ஐ.சி.யூ.வும் அறுவை சிகிச்சையும் 4, குழந்தைகள் 3, புற்றுநோய் 2, மீதி 3 வாரம் வெளிநோயாளிகளும் கிராமமும். சில இடங்களில் ஆறு மாதமும் கிச்சனிலேயே நிறுத்திவிடுவார்கள். இலவச ஆள் கிடைத்தால் யார் விடுவார்கள்? முதல் வாரத்திலேயே சுழற்சி அட்டவணையை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் கிச்சன் நாலு வாரத்தை இளக்காரமாக நினைக்கவும் கூடாது. 100 கிராம் அரிசி வெந்தால் 250 முதல் 300 கிராம் சோறு ஆகும் என்பதும், அந்த மருத்துவமனைக் கரண்டி ஒன்றுக்கு எத்தனை கிராம் என்பதும் தெரியாதவர் எழுதும் டயட் ஷீட் காகிதத்தோடு சரி.

வார்டில் முதல் பாடம், கேட்பது. ‘நேத்து காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் என்ன சாப்பிட்டீங்க?’ என்று ஆரம்பித்தால், ‘கொஞ்சூண்டு சோறு, ரெண்டு வாய் குழம்பு’ என்றுதான் பதில் வரும். அந்தக் கொஞ்சூண்டை டம்ளர், கரண்டி, கிண்ணம் காட்டி அளவாக மாற்ற வேண்டும். இடையில் குடித்த டீ எத்தனை, ஒவ்வொன்றிலும் சர்க்கரை எத்தனை ஸ்பூன், வேர்க்கடலை எவ்வளவு என்பதைத் தனியே கேட்காவிட்டால் யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள். பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்திலிருந்து வரும் நோயாளிகளிடம் ரம்ஜான் மாதத்தில் சஹர் எனப்படும் விடியலுக்கு முந்தைய சாப்பாடு எத்தனை மணிக்கு, நோன்பு திறக்கையில் என்னென்ன என்று கேட்டு, இன்சுலின் போடுகிறவராக இருந்தால் நோன்புக்கு முன்பே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். மாத்திரையையும் இன்சுலின் அளவையும் மாற்றுவது டாக்டரின் வேலை. டயட்டீஷியன் தொடக் கூடாத எல்லை அது. வேலூரில் இன்னொரு கூட்டமும் உண்டு. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, வங்கதேசம் என்று சிகிச்சைக்கு வந்து லாட்ஜில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். அவர்களிடம் இட்லியும் ரசமும் எழுதிக் கொடுத்தால் தாளை மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள். கடுகெண்ணெய், ஆற்று மீன், முரி எனப்படும் பொரி, இவற்றை வைத்தே திட்டம் போடத் தெரிந்தவருக்கு இந்த ஊரில் மதிப்பு அதிகம். பேச்சு ஹிந்தியாவது உங்கள் மகள் பழகிக்கொள்ளட்டும். வங்காளம் நாலு வார்த்தை தெரிந்தால் இன்னும் நல்லது.

ஐ.சி.யூ.வில் புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றைச் சொல்கிறேன். மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும் உணவு, ஒரு மில்லிக்கு ஒரு கிலோகலோரி என்ற கணக்கில் இருக்க வேண்டும். வீட்டுக் கஞ்சியை அரைத்து, குழாயில் அடைக்காமல் போகட்டும் என்று தண்ணீர் ஊற்றி வடிகட்டினால் சத்து பாதியாகிவிடும். இரண்டு லிட்டர் கொடுத்தோம் என்று ஷீட்டில் இருக்கும், நோயாளிக்குப் போனது ஆயிரம் கிலோகலோரியாக இருக்கும். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் சுமார் 30 மில்லி தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளும். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்தாவிட்டால் நுரையீரலுக்குள் போகும். பல நாள் பட்டினி கிடந்த ஆளுக்கு முதல் நாளே முழு அளவு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சட்டென்று விழுந்து இதயம் தடுமாறும். எடையில் கிலோவுக்கு நாளைக்குப் பத்துக் கிலோகலோரியில் தொடங்கி, தயமினும் (வைட்டமின் பி1) கொடுத்து, ரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும். குழந்தைகள் வார்டிலும் இதே எச்சரிக்கைதான். மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ் இருக்கும் குழந்தைக்கு முதலில் 100 மில்லியில் 75 கிலோகலோரி உள்ள பால் கலவை, நிலைமை சீரானபின்தான் 100 கிலோகலோரிக் கலவை. எலும்பும் தோலுமாக வந்த பிள்ளைக்கு முதல் நாளே நன்றாக ஊட்டிவிட வேண்டும் என்று தாய்க்குத் தோன்றுவது இயல்பு. கையைப் பிடித்து நிறுத்துவது டயட்டீஷியன்.

பயிற்சி முடிகிற அன்று வாங்கும் சான்றிதழை அங்கேயே படித்துப் பார்க்க வேண்டும். தொடங்கிய தேதி, முடிந்த தேதி, வேலை பார்த்த பிரிவுகள், மேற்பார்வையாளரின் பெயரும் தகுதியும், மருத்துவமனை முத்திரை எல்லாம் வேண்டும். ‘திருப்திகரமாகப் பயிற்சி பெற்றார்’ என்ற ஒற்றை வரிச் சான்றால் ஆர்.டி. விண்ணப்பம் திரும்பி வரும். மூன்று ஆண்டு கழித்துப் போய்த் திருத்தித் தரச் சொன்னால், கையெழுத்துப் போட்டவரே அங்கே இருக்கமாட்டார். வளைகுடா நாடுகளுக்குப் போகும் எண்ணம் இருந்தால், கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் நேரடியாக எழுதிக் கேட்டே சான்றுகளைச் சரிபார்ப்பார்கள். ஆகவே டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் பாடவாரி மதிப்பெண் சான்றையும் சம்பளச் சீட்டுகளையும் முதல் நாளிலிருந்தே கோப்பில் போட்டு வைக்க வேண்டும். அமெரிக்காவில் 2024 ஜனவரியிலிருந்து முதுநிலைப் பட்டம் இல்லாமல் தேர்வே எழுத முடியாது. எம்.எஸ்சி.யைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலை வாய்ப்பைப் பற்றி மிகைப்படுத்த விருப்பமில்லை. தனியார் மருத்துவமனையில் முதல் ஓரிரு ஆண்டுச் சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. ஆர்.டி.யும் சிறுநீரகம், ஐ.சி.யூ. போன்ற ஒரு பிரிவில் அனுபவமும் சேர்ந்தபின்தான் உயரும். அரசு வேலை என்றால், டி.என்.பி.எஸ்.சி. மூலம் நிரப்பப்படும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பணிக்கு ஊட்டச்சத்து, மனையியல் பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம். அங்கன்வாடி மையங்களை மேற்பார்க்கும் பொறுப்பான பதவி அது. சொந்தக்காரர்கள் சொன்ன சத்துணவு உலகத்துக்கு இந்தப் படிப்பு அப்படியும் ஒரு வழி வைத்திருக்கிறது. சொந்த கிளினிக் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வார்டில் மூன்று ஆண்டாவது நின்ற பிறகு. அப்போதும் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போடக் கூடாது. ‘சர்க்கரையைக் குணமாக்குகிறோம்’ என்று பலகை வைத்தால் 1954-ஆம் ஆண்டு விளம்பரத் தடைச் சட்டத்தில் மாட்டிக்கொள்ள நேரும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று, ஆதாரோடு இணைந்த அவள் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கு. மார்க் ஷீட்டிலும் ஆதாரிலும் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். உதவித்தொகை நிற்பது பெரும்பாலும் அங்கேதான். கிராம் கணக்கில் சரியாகக் காட்டும் ஒரு சிறிய டிஜிட்டல் சமையலறைத் தராசும் வாங்கிக் கொடுங்கள். கல்லூரி திறக்கும் வரை, வீட்டில் கிண்டும் களிக்கு எத்தனை கிராம் மாவு போகிறது, யார் தட்டில் எவ்வளவு விழுகிறது என்று தினமும் ஒரு வேளை நிறுத்து எழுதட்டும்.